காலுக்கு வந்த பனியன்

அல்வாலிலிருந்து போலாரம் போகும் காலை பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குத் திரிபுரசுந்தரி டீச்சரைத் தெரியும். கண்டக்டருக்கு நன்றாகவே தெரியும். அவர் "கைக்கு தர்வாஜே மே கடே?", ஏன் வாசலில் நிற்கிறீர்கள், என்று அங்கே தொங்குகிறவர்களைப் பார்த்துக் கத்தினால் போதும், உள்ளே மூன்றாவது சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். "கைக்கு இல்லப்பா, க்யோன். க்யோன் கடே ஹைன்." கண்டக்டர் "ஹவ் மேடம்" என்று ஆமாம் போடுவார். "ஹவ் இல்ல, ஹான்" என்று அதற்கும் ஒரு திருத்தம் வரும். அதற்குள் வாசலில் தொங்குகிறவர்கள் தாங்களாகவே உள்ளே வந்துவிடுவார்கள்.

சுந்தரியின் கொள்ளுத்தாத்தா ரயில்வே வேலைக்காக வேலூரிலிருந்து செகந்திராபாத் வந்தவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் திரும்பிப் போகவில்லை. வீட்டில் வேலூர்த் தமிழ், வாசலில் தெலுங்கு, சந்தையில் ஹைதராபாத் உருது. இவற்றுக்கு நடுவில் பிறந்து வளர்ந்து, எப்படியோ சுத்த இந்தியின் மேல் ஆசை வைத்து, அதில் எம்.ஏ. படித்து, போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இந்தி டீச்சராகச் சேர்ந்தார். ஹைதராபாத்தில் சுத்த இந்தி சொல்லிக்கொடுப்பது சாதாரண வேலை இல்லை. வகுப்பில் எழுதிப் போட்டது மணி அடிக்கும் வரைதான் நிற்கும். மணி அடித்ததும் மொத்த வகுப்பும் வேண்டாம் என்பதை ஹைதராபாத் பாஷையில் "நக்கோ ரே, நக்கோ ரே" என்று கத்திக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிடும். ஆனாலும் சுந்தரி மனம் தளரவில்லை.

அவருக்கு இருந்த இன்னொரு பெருமை, பாதம். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணுக்கு முகம் லட்சணம், பாதம் அதைவிட லட்சணம். அஞ்சாம் நம்பர்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை சுந்தரியின் தலைக்குள் உட்கார்ந்துவிட்டது. பிறகு கல்யாணம் நடந்தது, ஹம்ஸினி பிறந்தாள், உடம்பு பூசியது, வயசு ஐம்பதைத் தாண்டியது. பாதமும் தன் பங்குக்கு வளர்ந்தது. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வாங்குகிற கட் ஷூ மட்டும் ஐந்தாம் நம்பர்தான். கறுப்பு நிறம், கூரான முனை, அடியில் கொஞ்சம் உயரக் குதி. கடைக்காரப் பையன்கள் வருஷத்துக்கு வருஷம் மாறினாலும், "போடப் போட லூஸ் ஆயிடும் மேடம்" என்ற வசனம் மட்டும் மாறவில்லை. ஷூ லூஸ் ஆகவில்லை. கால்தான் வழிவிட்டுக்கொடுத்தது.

முதலில் வலது பெருவிரலின் அடியில், உள்பக்கமாக, ஒரு சிவப்புத் தடிப்பு வந்தது. கொசு கடித்திருக்கும் என்று நினைத்தார். கொசுக்கடி ஒரு வருஷமாக இருக்காது என்று தோன்றவே தைலம் தடவினார். தடிப்பு சின்ன வெங்காயம் ஆயிற்று. கூடவே பெருவிரல் பக்கத்து விரலின் மேல் சாய ஆரம்பித்தது. தூர பஸ்ஸில் தூங்கிப்போகிறவர் அறிமுகமே இல்லாத பக்கத்து ஆளின் தோளில் சாய்வாரே, அந்த மாதிரி. முதலில் லேசாக, பிறகு உரிமையோடு.

இந்தச் சமயத்தில்தான் கணவர் தண்டபாணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் அடுத்தவர் போட்ட கூட்டலைச் சரிபார்த்தே காலம் தள்ளியவர். வீட்டுக்கு வந்ததும் சரிபார்க்க ஏதாவது வேண்டியிருந்தது. முதல் வாரம் ஃபிரிட்ஜைச் சரிபார்த்தார். அடுத்த வாரம் மாடித் தண்ணீர்த் தொட்டி. அதற்கடுத்து மனைவியின் கால்.

"யூரிக் ஆசிட்" என்றார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

"டெஸ்ட் எதுவும் எடுக்கலையே?"

"பார்த்தாலே தெரியுது சுந்தரி. இன்னையிலேருந்து பருப்பு நக்கோ. தக்காளி நக்கோ."

"நக்கோன்னு சொல்லாதீங்க."

பருப்பும் தக்காளியும் இல்லாத வீட்டில் சாம்பார் என்ற பெயரில் புளித்தண்ணீர் ஓடியது. கால் அப்படியே இருந்தது. அப்புறம், "எலும்புன்னா வளரும். கால்சியத்தைக் குறைச்சா வளராது" என்று தண்டபாணி கண்டுபிடித்து தயிரையும் மோரையும் நிறுத்தினார். மகள் ஹம்ஸினி கச்சிபவுலியில் ஐ.டி. வேலை பார்க்கிறவள், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள். அவள் தட்டைப் பார்த்து, "நாக்கு பெருகு காவாலி" என்று அழாத குறையாகத் தயிர் கேட்டாள். தயிரும் மோரும் திரும்பி வந்தன.

மூன்றாவது வைத்தியம் கைப்பேசியில் கிடைத்தது. இரண்டு பெருவிரல்களையும் ஒரே ரப்பர் பேண்டில் மாட்டி, பாதங்களை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். தண்டபாணி அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செய்யச் சொன்னார். வீடியோவில் ஒரே ஒரு பேண்டுதான் இருந்தது. அவர் கொத்தமல்லிக் கட்டு, கீரைக்கட்டு எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து வைத்திருந்த மொத்தச் சேமிப்பையும் மாட்டிவிட்டார். சுந்தரி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இழு. விடு. இழு. முகத்தை ஏன் அப்படி வெச்சிருக்கே? காலை மட்டும் இழு."

அப்போது குக்கர் விசில் அடித்தது. அதே நேரம் வாசல் மணியும் அடித்தது. தண்டபாணி குக்கருக்கு ஓடினார். வாசலுக்குத் தாமே போகலாம் என்று எழுந்த பிறகுதான் சுந்தரிக்கு இரண்டு கால்களும் ஒன்றாகக் கட்டியிருப்பது ஞாபகம் வந்தது. உட்கார்ந்தால் மறுபடி எழ முடியாது. ஆகவே சாக்கு ஓட்டப் பந்தயத்தில் குதிக்கிற பிள்ளையைப் போலத் தொம் தொம் என்று குதித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். கீழ் வீட்டுக்காரர் கூரை இடிகிறதோ என்று பால்கனிக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

வந்தவர் ஸ்டெல்லா. அதே பள்ளியில் கணக்கு டீச்சர். போலாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இந்தி தினமான இந்தி திவஸ் விழாவுக்கு மேடை அலங்காரம் பற்றிப் பேச வந்திருந்தார். "என்னக்கா இது, கால்ல மாலை?" என்று குனிந்தார். அந்த நேரம் பார்த்து ரப்பர் பேண்டுகள் பட்பட்டென்று அறுந்து நாலா பக்கமும் பறந்தன. ஒன்று சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்த தண்டபாணியின் கண்ணாடியில் பட்டது.

"அக்கா, இதை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார் ஸ்டெல்லா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"கால் விரலுக்கெல்லாமா டாக்டர்? ஹிந்தி திவஸ் முடியட்டும்."

இந்தி திவஸ் வந்தது. சிறப்பு விருந்தினர் அந்தப் பகுதியில் வசிக்கும் ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர். கம்பீரமான மீசை, பளபளவென்று முகம் பார்க்கலாம் போன்ற ஷூ. சுந்தரி மேடையில் அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வரவேற்புரை நீண்டுகொண்டே போயிற்று. வலது கால் ஷூவுக்குள் தனியாக ஒரு இதயம் வைத்துக்கொண்டு துடிப்பது போல் இருந்தது. மேஜைக்குத் தரை வரை தொங்கும் துணி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியாது என்று இரண்டு ஷூவையும் மெதுவாகக் கழற்றிவிட்டார். அப்பாடா என்றிருந்தது.

அந்த நிமிஷமே குத்துவிளக்கு ஏற்ற அழைத்தார்கள். சுந்தரி காலால் துழாவி ஷூவை மாட்டப் பார்த்தார். இடது கால் போயிற்று. வலது கால் மாட்டேன் என்றது. விடுதலை ஆன கால் மறுபடி ஜெயிலுக்குப் போகுமா? வேறு வழியில்லாமல் இடதையும் உதறிவிட்டு வெறுங்காலோடு விளக்கை நோக்கி நடந்தார்.

கர்னல் அதைக் கவனித்தார். தம் பளபள ஷூவைப் பார்த்தார். மரியாதை தெரியாமல் நடந்துகொண்டோமே என்று அவருக்குப் பதறிவிட்டது. அங்கேயே குனிந்து கழற்றினார். சாக்ஸில் ஓட்டை இருந்தது, அதையும் கழற்றினார். கர்னலே கழற்றிவிட்டார் என்றதும் பிரின்சிபால் கழற்றினார். பிரின்சிபால் கழற்றினால் மற்றவர்கள் நிற்பார்களா? மேடையிலிருந்த எல்லாரும் கழற்ற, நடன டீச்சர் அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போய்த் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டார். விளக்கு ஏற்றப்பட்டது. கர்னல் பேச எழுந்து, மைக்கைக் கையில் வாங்கி, "நமது பண்பாட்டை இந்த ஆசிரியையிடம் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று இந்தியில் தொடங்கினார். கைதட்டல் எழுந்தது. சுந்தரி தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். கீழே முதல் வரிசையில் ஸ்டெல்லா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சோடு விட்டிருக்கலாம். கர்னலின் பார்வை பண்பாட்டுக்கு உதாரணமான அந்தப் பாதத்தின் மேல் போயிற்று. அவர் முகத்தில் உண்மையான கவலை வந்தது. மைக் கையில் இருப்பதை மறந்து, சுந்தரியின் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"மேடம், ஆப்கோ பனியன் ஹை?"

உங்களுக்குப் பனியன் இருக்கிறதா என்ற ரகசியம் நான்கு ஒலிபெருக்கியிலும் போயிற்று. எட்டாம் வகுப்பு 'பி' பிரிவிலிருந்து "கீ" என்று ஒரு சிரிப்பு கிளம்பியது. தொடர்ந்து மொத்த மண்டபமும் வெடித்தது. ஆங்கிலத்தில் பெருவிரல் அடியிலிருக்கும் அந்தப் புடைப்புக்குப் பெயரே அப்படித்தான் ஒலிக்கும் என்பது கர்னலுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரிந்தது உள்ளே போடுகிற பனியன் மட்டும்தான். கர்னல் விளக்க முயன்றார். "என் மனைவிக்கும் இருந்தது. இரண்டு!" என்றார். அதற்குப் பிறகு விழாவை நடத்த முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுந்தரி பையைச் சோபாவில் எறிந்தார். "எனக்குப் பனியனாம்."

தண்டபாணி கொடிப் பக்கம் பார்த்தார். "என்னோடதா?"

"கால்ல இருக்கிறதுக்குப் பேருங்க!"

"கால்ல எப்படிப் போடுவாங்க?"

ஹம்ஸினி இதற்கு மேல் தாங்காமல் தார்நாகாவில் ஒரு எலும்பு டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். டாக்டர் நுஸ்ரத் இளம் வயதுக்காரர். பழைய நகரத்துப் பெண். பேச்சில் சார்மினார் மணந்தது. முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுக்கிறவர், மெட்டியைக் கழற்ற வேண்டும் என்றார். பெருவிரல் மேலே ஏறிப் படுத்திருந்ததால் மெட்டி அசையவில்லை. நர்ஸ் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். தண்டபாணி நெஞ்சில் கை வைத்து, "நான் உயிரோடதானே இருக்கேன், எதுக்கு மெட்டியைக் கழட்டணும்?" என்று வருத்தப்பட்டார். "உங்களை யாரும் ஒண்ணும் பண்ணலை, பேசாம இருங்க" என்றார் சுந்தரி.

எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு டாக்டர் அந்தக் கட் ஷூவைக் கையில் எடுத்தார். "இத்னா டைட் கைக்கு பெஹன்தே அம்மா?" இவ்வளவு இறுக்கமாக எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

சுந்தரிக்குக் கால் வலியிலும் கடமை தவறவில்லை. "கைக்கு இல்லை டாக்டர், க்யோன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே பெருவிரலைப் பிடித்து லேசாக நேராக்கிப் பார்த்தார்.

"நக்கோ! நக்கோ நக்கோ நக்கோ!" என்று அலறினார் எம்.ஏ. படித்த இந்தி டீச்சர்.

"நக்கோ இல்லை மேடம்" என்றார் டாக்டர். "நஹீன்."

பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு, அதன் மேல் சுந்தரியை நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். கோட்டின் மேல் ஷூவை வைத்தார். ஷூவின் இரண்டு பக்கமும் பாதம் வழிந்துகொண்டு நின்றது, சின்ன டம்ளரில் ஊற்றிய பெரிய காபி மாதிரி. சுந்தரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் இதற்குள் அதைத் திணித்திருக்கிறோமே என்று முதல் முறையாகத் தம் கால் மேல் அவருக்கு இரக்கம் வந்தது.

"எலும்பு வளர்ந்திருக்கு, இல்லையா டாக்டர்? ராவி எடுத்துடலாமா?" என்றார் தண்டபாணி.

டாக்டர் எக்ஸ்ரேவைக் காட்டி விளக்கினார். புதிதாக எதுவும் முளைக்கவில்லை. பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாயச் சாய, அதன் அடியெலும்பு எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. அந்த மூட்டுதான் புடைத்துத் தெரிகிறது. ஷூ அதன் மேல் உரசி உரசி வீங்குகிறது. முன்பக்கம் அகலமான, உயரக் குதி இல்லாத ஷூ போட வேண்டும். வீங்கினால் ஐஸ் ஒத்தடம். விரல்களுக்கு நடுவே வைக்கிற சிலிகான் துண்டு உரசலைக் குறைக்கும். சாய்ந்த விரலை நிமிர்த்திவிடாது. இவ்வளவுக்குப் பிறகும் வலியில் நடக்க முடியவில்லை என்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். பார்க்க அழகாக இல்லை என்பதற்காக யாரும் ஆபரேஷன் செய்துகொள்ளக் கூடாது.

"இது ஷூவால மட்டும் வர்றதா?" என்றார் சுந்தரி.

பாத அமைப்பு பெரும்பாலும் பரம்பரையாக வருவது, ஷூ அதை மோசமாக்கும் என்று டாக்டர் சொன்னார்.

தண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவங்க வீட்டுப் பக்கம் டாக்டர். எங்க பக்கம் எல்லாம் ஸ்ட்ரெய்ட்."

டாக்டரின் கண் அவருடைய ஹவாய் செருப்பின் மேல் போயிற்று. எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அப்புறம் அடுத்த அறையிலிருந்த பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டார். மூன்று பேர் வந்து தண்டபாணியின் காலடியில் மண்டியிட்டார்கள். "பாருங்கள், இரண்டு காலிலும். புத்தகத்தில் இருக்கிற படமே இதுதான்" என்றார் டாக்டர்.

தண்டபாணிக்கு ஒன்றும் புரியவில்லை. தொப்பை வந்த பிறகு அவர் தம் பாதங்களை நேரில் பார்ப்பது குறைந்துபோயிருந்தது. இப்போது முன்னால் வளைந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பெருவிரல்களும் எதிரெதிராக முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேசிக்கொள்ளாத பங்காளிகள் போல் இருந்தன.

"இவருக்கு என்ன வைத்தியம்?" என்றார் சுந்தரி, ஆர்வத்தை மறைக்காமல்.

"வலி உண்டா?"

"இல்லை" என்றார் தண்டபாணி, ஈனஸ்வரத்தில்.

"அப்ப ஒண்ணும் வேண்டாம். அகலச் செருப்புதான் உங்களைக் காப்பாத்தியிருக்கு."

ஒன்றும் வேண்டாம் என்றது தண்டபாணியை மிகவும் புண்படுத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குள் நன்றாக நடந்து வந்தவர், வெளியே நொண்டிக்கொண்டு போனார். லிஃப்ட் வரை வலது காலை நொண்டினார். ஆட்டோ வரை இடது காலை.

அன்று சாயங்காலமே ஷூ வாங்கப் போனார்கள். மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது அளந்தால்தான் சரியாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைப் பையன் வந்ததும் சுந்தரியின் வாய் பழக்கத்தில், "அஞ்சாம் நம்பர்" என்றது.

"அம்மா, ப்ளீஸ்" என்றாள் ஹம்ஸினி.

பையன் அளவுப் பலகையில் காலை வைத்துப் பார்த்தான். "ஏழு. அகலம் வேற ஜாஸ்தி. லேடீஸ்ல கிடைக்காது மேடம், ஜென்ட்ஸ் பக்கம் வாங்க."

சுந்தரி ஒரு பெருமூச்சு விட்டார். ஆண்கள் பக்கம் போய் ஒரு கறுப்புக் கேன்வாஸ் ஷூவுக்குள் காலை விட்டார். உள்ளே ஐந்து விரலும் தனித்தனியாக அசைந்தன. ஷூவுக்குள் விரல் அசையும் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. ரொம்ப நேரம் அசைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் அதே மாடல்" என்றார் தண்டபாணி. "நானும் பேஷன்ட்தான்." அவருக்கு ஒன்பதாம் நம்பர் வாங்கினார்கள்.

திங்கட்கிழமை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சுந்தரி வாசலில் அவசரமாகக் காலை நுழைத்துக்கொண்டு ஓடினார். போலாரத்தில் இறங்கி வராண்டாவில் நடக்கும்போதுதான் டப், டப் என்று சத்தம் கேட்டது. இடது காலில் தம்முடைய ஏழு. வலது காலில் கணவரின் ஒன்பது. திரும்பிப் போக நேரமில்லை. நாள் முழுக்க டப், டப் என்று நடந்தே பாடம் நடத்தினார். சத்தம் வராண்டாவின் கோடியில் கேட்கும்போதே வகுப்புகள் அமைதியாகிவிட்டன. இந்த ஏற்பாடு வசதியாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது.

"வலி எப்படிக்கா இருக்கு?" என்று ஸ்டெல்லா கேட்டார்.

"வலது கால் சொர்க்கத்துல இருக்கு ஸ்டெல்லா."

வீட்டில் நிலைமை வேறு. தண்டபாணி நடைப்பயிற்சிக்குக் கிளம்பியபோது மிச்சமிருந்த இரண்டைத்தான் மாட்டினார். வலது காலில் ஏழாம் நம்பர் ஏறவில்லை. புது ஷூ, போடப் போடச் சரியாகிவிடும் என்று எண்ணெய் தடவித் திணித்தார். அல்வால் ஏரியைச் சுற்றிப் பாதி தூரம் போனதும் உலகம் இருண்டது. போனால் பாதி, திரும்பினாலும் பாதி. ஷூவைக் கழற்றலாம் என்றால் கழலவில்லை. கடைசியில் ஓர் ஆட்டோவைப் பிடித்து வீடு வந்து, பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து, "அவசரம், மேடத்தோட வலது கால் எங்கிட்ட இருக்கு, என்னோடது அவங்ககிட்ட இருக்குன்னு சொல்லுங்க" என்றார். எடுத்த கிளார்க் ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டார்.

சாயங்காலம் சுந்தரி வந்தபோது தண்டபாணி சோபாவில், உறைந்த பட்டாணிப் பாக்கெட்டைக் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலடி சிவந்து வீங்கியிருந்தது. இந்த முறை நடிப்பு இல்லை.

"சுந்தரி" என்றார் மெதுவாக. "இப்படியா வலிக்கும்?"

"இப்படித்தான்."

"ஒரு நாள் கூட நீ சொல்லலையே."

"தினமும் சொன்னேன். நீங்க பருப்பை நிறுத்தினீங்க."

தண்டபாணி நகர்ந்து உட்கார்ந்து, பட்டாணிப் பாக்கெட்டை அவிழ்த்து மனைவியின் காலுக்குக் கொடுத்தார். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் எதையும் சரிபார்க்காமல் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷனுக்கு அவசியம் வரவில்லை. விரல் நிமிரவும் இல்லை. அது சாய்ந்த இடத்திலேயே சௌகரியமாக இருக்கிறது. வலி மட்டும் எப்போதாவது வரும் விருந்தாளி போல ஆகிவிட்டது. வந்தால் ஒத்தடம் கொடுத்து அனுப்பிவிடுகிறார். மறுபடி மாறிப்போகாமலிருக்க ஷூ நாக்கில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் தைத்தாயிற்று.

தண்டபாணி இப்போது ஏரிக்கரையில் பெரிய புள்ளி. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, தாளும் பென்சிலுமாக, நடக்க வருகிறவர்களின் பாதங்களுக்குக் கோடு போட்டுக் கொடுக்கிறார். ரிட்டயர்டு சுபேதார்களும் மாமிகளும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். வைத்தியம் மட்டும் சொல்லக் கூடாது, டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும் என்று சுந்தரி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கணவர் அடுத்தவருடைய காலில் மும்முரமாக இருக்கும்போது சுந்தரி காத்திருப்பதில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை வீசி, இன்னொரு சுற்றுப் போய் வருகிறார்.